ஊர்ப் பக்கம் கறுப்புக் கண்ணாடி

இன்று காலை சேவூரிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. உட்கார்ந்து போனைத் திறந்தேன். நான் எதையும் தேடவில்லை. அதுவாகவே உன் தீவைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியது. பனைமரங்கள், கடல்கல்லை அடுக்கிக் கட்டிய வேலி, வெயிலில் வெளுத்த மணல், அதன் ஓரத்தில் அந்த வெள்ளைக் கோபுரம். தொப்பி போட்ட ஒருவன் கேமராவைப் பார்த்து, "வணக்கம் மக்களே" என்று சிரித்தான்.

நீ இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. போனுக்கு அது தெரியவில்லை. செல்போன் கடையில் வேலை பார்த்தாலும் உன் போனில் எந்நாளும் டேட்டா இருக்காது. என் போனை வாங்கி வாங்கித் தேடுவாய். அந்தத் தேடலை அது இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. புதிதாக யார் அந்தத் தீவுக்குப் போய் வீடியோ எடுத்தாலும் எனக்குச் சொல்லிவிடுகிறது. நான் பார்ப்பதும் இல்லை, வேண்டாம் என்று அதற்குச் சொல்லவும் மனசு வரவில்லை.

உன் அப்பாவின் கண் முழுதும் இருட்டிப்போவதற்குள் அவரை அந்தக் கோபுரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்று அலைந்தாயே, அது என்ன ஆயிற்று என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு நேரில் பேசுவதைவிட எழுதுவது சுலபம். அதைத்தான் நீ கேலி செய்வாய். அதனால் எழுதுகிறேன்.

கல்லூரியில் முதல் வாரம். மேடம் வருகைப் பதிவு எடுத்தபோது என் பெயர் வந்தது. நான் குனிந்து பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அத்தனை பேர் நடுவில் என் பெயரை நானே ஒத்துக்கொள்வதுகூடப் பெரிய வேலையாக இருந்தது. மேடம் இரண்டாவது தடவை கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த நீ எழுந்தாய். அதுவரை நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இங்கதான் கீறா மேடம். வாயைத்தான் வூட்டுல வச்சிட்டு வந்துட்டா."

வகுப்பே சிரித்தது. நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். இடைவேளையில் நீ, "கோச்சிக்காதடி. எங்க கேம்ப்ல செக்கிங் வரும்போது பக்கத்து வூட்டு ஆளுங்களுக்கும் சேர்த்து நான்தான் குரல் குடுப்பேன். அந்தப் பழக்கம்" என்றாய். அப்படித்தான் நீ இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிறவள் என்று தெரிந்தது. அதுவரை உன் பேச்சைக் கேட்டு ஆரணிக்காரி என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த செக்கிங் என்றால் என்ன என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. மாதத்தில் ஒரு நாள் அதிகாரிகள் வருவார்கள். முகாமில் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டும். பெங்களூருக்குப் பெயிண்ட் அடிக்கப் போனவர்கள் பஸ் பிடித்து வந்து, வரிசையில் நின்று, தலையைக் காட்டிவிட்டுத் திரும்பவும் பஸ் ஏறுவார்கள். உனக்குக் கல்லூரியில் அன்றைக்கு லீவு. என்ன காரணம் என்று கேட்டால், "நான் இருக்கேன்னு சொல்லப் போறேன்" என்பாய்.

முதல் தடவை உன் வீட்டுக்கு வந்தது மழை விட்ட ஒரு சனிக்கிழமை. வரிசை வரிசையாக ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகள். வாசலில் உன் அப்பா முழங்கை வரை வெள்ளைப் புள்ளிகளோடு பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாரும் பிள்ளை, இரும். தேத்தண்ணி குடிக்கிறீரே?" என்றார். என்னை யாரும் அதுவரை 'வாரும், இரும்' என்று கூப்பிட்டதில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். நீ அந்த வாசலைத் தாண்டியதும் வேறு தமிழுக்கு மாறிவிட்டாய். "அப்பா, இவள் கதைக்கமாட்டாள். நீங்கள் கதையுங்கோ, இவள் கேப்பாள்" என்றாய். அன்றைக்குத்தான் உங்கள் வெளிச்சவீட்டைப் பற்றி முதலில் கேட்டேன். நாங்கள் கலங்கரை விளக்கம் என்று பாடப் புத்தகத்தில் படித்ததை நீங்கள் வெளிச்சவீடு என்றீர்கள்.

உன் தாத்தா அதில் விளக்குக்காரர். கோபுரத்தின் உச்சியில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி, நடுவில் விளக்கு. சின்ன வெளிச்சத்தை வாங்கிப் பெரிதாக்கிக் கடலுக்கு அனுப்பும் கண்ணாடி அது. பகலில் அதைச் சுற்றித் திரை போட்டு மூடிவிட வேண்டும். இல்லையென்றால் வெயில் அதற்குள் புகுந்து ஒரே இடத்தில் குவிந்து நெருப்பு வைத்துவிடும். ஒரு மழைநாளில் தாத்தாவின் சாரம், எங்கள் ஊரில் லுங்கி, நனைந்துபோயிற்று. மாற்றுத் துணி இல்லை. விளக்கறைக்குள் கொடி கட்டிச் சாரத்தைப் போட்டு, சீக்கிரம் காயட்டும் என்று திரையை விலக்கிவைத்து, துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டார். மழை விட்டு வெயில் அடித்தது. புகை வாசனைக்கு விழித்துப் பார்த்தால் சாரத்தில் பாதியும், அவிழ்த்து அடித்து அணைத்த துண்டும் கருகிவிட்டன. அந்த நேரம் பார்த்து மேலதிகாரி படகில் வந்து இறங்கியிருக்கிறார்.

"ஐயா வேற வழியில்லாமல் திரையைக் கழட்டி இடுப்பிலை கட்டிக்கொண்டு இறங்கி வந்தவர்," என்றார் உன் அப்பா. "அந்தாள் கீழ நிண்டு, 'விளக்குக்குத் திரை போட்டாச்சோ?' எண்டு கேட்டவராம். ஐயா சொன்னவர், 'இப்ப எனக்குப் போட்டிருக்கிறன் ஐயா, விளக்குக்கு இனித்தான்' எண்டு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "பாருங்கோ, சத்தம் வருது" என்றாய்.

அதன் பிறகு அந்த வெளிச்சவீட்டின் கதையை நீ எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னாய். பஸ்ஸில் கொஞ்சம், கேன்டீனில் கொஞ்சம், பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்த இடத்தில் நிறைய. கோபுரம் வருவதற்கு முன்பு கடலுக்குப் போனவர்களின் பெண்கள் கரையில் இருந்த ஒற்றைப் பனையில் லாந்தர் ஏற்றிக் கட்டுவார்களாம். வெள்ளைக்காரனின் கப்பல் ஒன்று தீவுக்கு வெளியே கற்பாரில், தண்ணீருக்குள் கிடந்த பாறையில், ஏறி உடைந்ததற்கு அப்புறம்தான் கோபுரம் கட்டும் யோசனை வந்ததாம். கடலுக்குள்ளிருந்து முருகைக்கல்லை, பவளப்பாறையை, வெட்டி மாட்டு வண்டியில் ஏற்றி வந்தார்கள். அதையே சுட்டுச் சுண்ணாம்பாக்கி, பனங்கட்டி கரைத்த தண்ணீர் ஊற்றிக் குழைத்தார்கள். சுவர் காயும்வரை எறும்பு மொய்த்தது என்று உன் ஆயா சொன்னாராம். நீங்கள் அப்பாச்சி என்பீர்கள், எனக்காக ஆயா என்று மாற்றிச் சொல்வாய். அந்தப் பெரிய கண்ணாடி சீமையிலிருந்து வைக்கோல் திணித்த மரப்பெட்டிகளில் வந்தது. பெட்டிகள் பிறகு மாதா கோயிலில் பூசை உடுப்பு வைக்கும் அலமாரியாகின.

நீ அந்தத் தீவைப் பார்த்ததே இல்லை. ஆரணி அரசு மருத்துவமனையில் பிறந்தவள் நீ. ஆனால் உச்சிக்கு ஏறும்போது எந்தத் திருப்பத்தில் ஜன்னல் வரும், எந்த இடத்தில் குனிய வேண்டும் என்பதுவரை சொல்வாய். நான் கடலையே பார்த்ததில்லை. இரண்டு பேரும் காணாத ஒன்றைப் பற்றி அத்தனை நேரம் பேசியிருக்கிறோம்.

எனக்கு மறக்காதது கறுப்புக் கண்ணாடிதான். விளக்கறையைச் சுற்றிலும் கண்ணாடிச் சட்டங்கள். கடல் பார்த்த பக்கம் எல்லாம் தெளிவு. ஊர் பார்த்த பக்கத்துக்கு மட்டும் கறுப்புப் பெயிண்ட். ஊரைத் தாண்டி அந்தப் பக்கம் ஆழமில்லாத கடல். அங்கே வெளிச்சம் போனால் கப்பல்காரன் அதையும் வழி என்று நினைத்துக் கல்லில் ஏறிவிடுவான். அதனால் கட்டிய நாளிலிருந்து அந்த வெளிச்சம் ஊருக்குள் விழுந்ததே இல்லை. எண்ணெய் சுமந்தவர்கள், படி கழுவியவர்கள், கண்ணாடி துடைத்தவர்கள் எல்லாரும் இருட்டில் இருந்தார்கள். வெளிச்சம் அவர்கள் தலைக்கு மேலே வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. உப்புக்காற்றில் கறுப்பு உரியும். வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாகப் பூச வேண்டும்.

"நான் சின்னப் பெடியனா இருக்கேக்கை ஐயா என்ர கையிலை தூரிகையைத் தந்தவர். என்ர முதல் பெயிண்டிங் வேலை அதுதான் பிள்ளை. ஒரு பொட்டு வெளிச்சம்கூட ஊருக்குள்ளை போகாமல் அடிக்கோணும்" என்று உன் அப்பா சிரித்தார். "இஞ்சை வந்து எத்தினை வீட்டுக்கு வெள்ளை அடிச்சிட்டன். அந்தக் கறுப்பு மாதிரி ஒண்டும் சரியா வரேல்லை."

பிறகு அங்கே சண்டை வந்தது. தாத்தாவுக்குக் கை நடுங்கத் தொடங்கி, உன் அப்பாதான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகாத இளைஞன். ஒரு நாள் சிலர் வந்து விளக்கை அணைக்கச் சொன்னார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று நான் கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். "துவக்கு வச்சிருந்தவை" என்றார். துப்பாக்கியைத்தான் அப்படிச் சொன்னார். "அணைக்கச் சொல்லி வந்தவை, திரும்ப ஏத்தச் சொல்லி வரேல்லை" என்றார். அவர் கையால் அணைத்த விளக்கு அது. படகில் கிளம்பிய அன்று எல்லாரும் கரையைத் திரும்பிப் பார்த்தார்களாம். வெளிச்சம் இல்லாததால் தீவு எந்த இடத்தில் மறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

நாம் படித்து முடித்தோம். எனக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் போடும் வேலை கிடைத்தது. நீ எழுதிய பரீட்சைகளில் எல்லாம் என்னைவிட அதிக மார்க். ஆனால் எந்த விண்ணப்பத்திலும் 'நாடு' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிடும். பழைய பேருந்து நிலையம் பக்கத்தில் செல்போன் கடையில் நின்றாய். "போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுறதுக்கு எந்த நாடுன்னு யாரும் கேக்கல" என்றாய்.

உன் அப்பாவின் கண் கெட்டதை முதலில் கண்டுபிடித்தது மேஸ்திரிதான். முள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு புது வீட்டில் சுவர் முழுதும் திட்டுத் திட்டாக விட்டிருக்கிறார். "இன்னா பெரியவரே, பூனை நக்கினாப்புல அடிச்சி வச்சிகீற? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று மேஸ்திரி கத்த, உன் அப்பா சுவருக்குப் பக்கத்தில் போய் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓம், பிழைதான்" என்று இறங்கி வந்துவிட்டார். சர்க்கரை கண்ணுக்குள் போய்விட்டது என்று வேலூரில் சொன்னார்கள். ஊசி போட்டார்கள். போன பார்வை வராது, இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒருக்கா போய்ப் பாத்திட்டு வரலாமோ, பிள்ளை?"

பார்த்துவிட்டு வருவதுதான் முடியாது. முகாமில் இருப்பவர்கள் ஊருக்குத் திரும்பலாம். அதற்கு விண்ணப்பம் உண்டு. ஆனால் போனால் போனதுதான். இந்தப் பக்கம் திரும்பி வர வழி இல்லை. அங்கே உங்களுக்கு வீடும் இல்லை, உறவு என்று சொல்ல ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பா மட்டும். இங்கே உன் அம்மாவின் கல்லறை இருந்தது, நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது போனவர். உன் வேலை இருந்தது. நான் இருந்தேன், அதை நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"நான் தனியப் போறன். நீ இஞ்சை இரு" என்றார் உன் அப்பா.

"விசர்க்கதை கதையாதேங்கோ. படியிலை ஆர் கையைப் பிடிக்கிறது?"

"ஐயா ஏத்தின படி. எனக்குக் கண் வேண்டாம்."

"கண் வேண்டாமெண்டால் பிறகு ஏன் போறியள்? இஞ்சை இருந்து கண்ணை மூடிக்கொண்டு பாருங்கோவன்."

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் ஆரணித் தமிழில், "இந்தாளோட ஒரே பேஜாரு" என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. மறுநாள் இரண்டு பேருக்கும் சேர்த்து விண்ணப்பம் கொடுத்தாய்.

நான் வீட்டில் சொன்னபோது அம்மா நாற்று நடவு முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு போய்ட்டா நீ யாருகிட்டடி பேசுவ? ஆபீஸ்ல வாய்க்குப் பூட்டு, வூட்டுல வாய்க்குப் பூட்டு. துருப்புடிச்சி பூடும்" என்றாள். பிறகு அவளே, "பாவம், அந்த மனுசன் கண்ணு. ஜல்தியா அனுப்பிவைக்கச் சொல்லு" என்றாள். யாரிடம் சொல்வது என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீதான் கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் என்று அலைந்தாய். நான் கூட வருவேன். வெளியில் செருப்புக்குப் பக்கத்தில் நிற்பேன். "மேல போயிருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பினார்கள். "மேல மேலன்னா, வெளிச்சவூட்டு உச்சிக்கா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்குவாய்.

அந்தக் காத்திருப்பில்தான் வீடியோக்களைக் கண்டுபிடித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் உங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். உன் அப்பா போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். தொப்பிக்காரனைப் போன்ற ஒருவன் படகிலிருந்து இறங்கி, பனங்கிழங்கு தின்று, கோபுரத்தின் அடியில் நின்று ஏதோ பேசினான். சுற்றிலும் கம்பி வேலி. புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். உச்சியில் சூரிய ஒளிப் பலகை, பழைய பெரிய கண்ணாடி இருந்த இடத்தில் கையடக்க விளக்கு ஒன்று.

"நிப்பாட்டும்," என்றார் உன் அப்பா. நான் நிறுத்தினேன். விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். அவர் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, மீதமிருந்த பார்வையை ஒரு மூலைக்குக் கொண்டுவந்து பார்த்தார்.

"கறுப்பைக் காணேல்லை."

நாங்களும் பார்த்தோம். ஊர்ப் பக்கத்துக் கண்ணாடியும் தெளிவாக, வானம் தெரிய இருந்தது.

"சுரண்டிப் போட்டாங்கள்," என்றார். "இப்ப ஊருக்குள்ளையும் வெளிச்சம் விழும்."

வீடியோவில் அந்தப் பக்கம் கேமரா திரும்பியது. கூரையில்லாத சுவர்கள், சுவருக்குள் முளைத்த மரங்கள். உங்கள் வீடு எது என்று நீ அவரைக் கேட்டாய். அவர் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியவில்லையா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று எனக்குப் புரியவில்லை.

நீ மட்டும் விடவில்லை. விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றாய். எத்தனையோ வீடியோக்களைத் தேடினோம். எல்லாம் பகல். கடைசிப் படகு பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடும், வருகிறவர்கள் எல்லாரும் அதில் ஏறிவிடுவார்கள். அது எரிவதைப் பார்க்கும் நேரத்தில் படம் எடுக்க அங்கே யாரும் இருப்பதில்லை. "போய்த்தாண்டி பாக்கணும்" என்றாய்.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் கடைக்குப் போனாய். மாத்திரை போட்டுக்கொண்டு செக்கிங் வரிசையில் நின்றாய். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. ஆரணியிலிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். டெங்கு என்றார்கள், ரத்தத்தில் அணுக்கள் இறங்குகின்றன என்றார்கள். நான் லீவு போட்டுவிட்டு வந்து நின்றேன். உன் அப்பாவால் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எந்தப் பலகையையும் படிக்க முடியவில்லை. கவுண்டர் கவுண்டராக அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். எல்லா இடத்திலும் நான்தான் பேச வேண்டியிருந்தது. நான் கேட்டால் யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா பேசும்மா" என்றார்கள்.

கடைசியாக நீ என்னிடம் பேசியபோது மூக்கில் குழாய் இருந்தது. "செக்கிங் வந்தா நான் ஆஸ்பத்திரில கீறேன்னு சொல்லிடு. பேரை அடிச்சிடப் போறாங்க. அடிச்சா போறதுக்குப் பர்மிஷன் வராது" என்றாய். சரி என்று தலையாட்டினேன். "தலையாட்டாத, வாயைத் திற" என்றாய். "சொல்றேன்" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு எங்களைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே ஆட்கள் ஓடுவது தெரிந்தது. உன் அப்பா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "என்ன செய்யினம் பிள்ளை? என்ன செய்யினம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு கட்டத்துக்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

உன்னை அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். சாமியார் ஜெபம் சொல்லும்போதுகூட நீ ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன்.

அடுத்த செக்கிங் அன்று நான் முகாமில் இருந்தேன். பட்டியலில் உன் பெயரை இன்னும் அடிக்கவில்லை. அதிகாரி கூப்பிட்டார். உன் அப்பா, வரிசையில் பழகிய குரலில், "ஓம், இருக்கிறா" என்றார். அதிகாரி அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பின்னால் நின்ற அக்கா ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உன் அப்பாவுக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் தான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. திரும்பி அதிகாரியிடம் போய், "ஐயா, பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

அதன் பிறகு பார்வை வேகமாகப் போனது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறது என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சமைத்துவைத்துவிட்டு வருவேன். தீவைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் அவர் வேலைக்குப் போவதுபோலப் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, பிரஷும் மிச்சமிருந்த பெயிண்ட் வாளியும் எடுத்துவைத்திருந்தார். இரண்டு கல்லறைக்கும் வெள்ளை அடிக்க வேண்டும் என்றார். கல்லறைத் தோட்டம் முழுதும் ஆட்கள் புல் வெட்டிக்கொண்டும், சுண்ணாம்பு கரைத்துக்கொண்டும், பிள்ளைகளைத் திட்டிக்கொண்டும் இருந்தார்கள். அவரால் ஓரம் பிடிக்க முடியவில்லை. பிரஷை என்னிடம் கொடுத்துவிட்டு, உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்து, நான் விட்ட இடங்களைத் தடவிக் கண்டுபிடித்தார். "இஞ்சை ஒருக்கா. கீழயும் இழும் பிள்ளை." உன் பெயருக்கு மேல் வந்தபோது அவர் கை அங்கேயே நின்றது. நான் வேறு பக்கம் அடித்தேன்.

அந்த நேரத்தில்தான் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அவருக்கு யார் என்று தெரியாததால் என்னிடம் கொடுத்தார். எடுத்தேன்.

"கலெக்டர் ஆபீஸ்லேருந்து முகாம் விஷயமா பேசறேன்மா. அவங்க ஊருக்குப் போறதுக்குக் குடுத்திருந்தாங்கல்ல, கிளியர் ஆயிடுச்சு. அடுத்த மாசம் ஒரு பேட்ச் போவுது. அவரு ஒருத்தரு பேருதான் இப்ப நிக்குது. ரெடியா இருக்கச் சொல்லிடுங்க."

நீ எத்தனை படி ஏறி இறங்கினாய் இதற்காக! நான் போனைக் கையால் மூடிக்கொண்டு அவரிடம் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்தார், உனக்கும் அம்மாவுக்கும் நடுவில். தூரத்தில் யாரோ, "ஏய், அந்தப் பூவை மிதிக்காத" என்று பிள்ளையை அதட்டினார்கள்.

"போங்களேன்," என்றேன். என் சக்திக்கு அதுதான் முடிந்தது. "நான் இங்க வந்து பாத்துக்கறேன். வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறேன்."

"இவளின்ர அம்மாவை விட்டிட்டுப் போகலாம் எண்டு மனசைச் சரிப்பண்ணி வச்சிருந்தனான்," என்றார். "பிள்ளை கூட வருவாள் எண்டுதானே. இப்ப ரெண்டு பேரையும் இஞ்சை விட்டிட்டு நான் போய் என்னத்தைப் பாக்க? வேண்டாம். சொல்லிவிடும்."

போனைக் காதில் வைத்தேன். "சார், அவரு வரலைங்க."

"என்னம்மா, இவ்ளோ நாள் கேட்டுக்கினு இருந்துட்டு? காரணம் எழுதணுமே. இன்னான்னு போடறது?"

பழையபடி குனிந்துகொண்டேன். முகாமில் பழகிய உன் குரல் எழும்பிப் பதில் சொல்லும் என்று ஒரு கணம் நிஜமாகவே காத்திருந்தேன்.

"அவரு சம்சாரமும் பொண்ணும் இங்கதான் கீறாங்க சார்," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். புல் வெட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கம் பேனா தேடும் ஓசை. "சரி, குடும்பக் காரணம்னு போட்டுக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

நாங்கள் இரண்டாவது பூச்சும் அடித்து முடித்துவிட்டுக் கிளம்பினோம். மேடு பள்ளமான பாதை. உன் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அவர் உள்ளங்கையில் ஈரம் காயாத வெள்ளை இருந்தது, அவருக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லை. வாசலுக்கு வந்ததும், "அது எரியுதோ இல்லையோ, ஆருக்கும் தெரியாது என்ன?" என்று கேட்டார். "தெரியாதுங்க" என்றேன். பஸ் வரும்வரை அப்படியே நின்றோம்.

அன்று நான் போட்டிருந்தது பச்சைச் சுடிதார், உனக்குப் பிடிக்காது, கிளி மாதிரி இருக்கிறாய் என்பாய். அதன் இடது தோளில் ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. அம்மா பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது பூவாதுடி, வூட்டுக்குள்ள போட்டுக்க" என்றாள். இன்றைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறேன். பஸ்ஸில் பின்சீட்டுப் பெண் ஒருத்தி, "தோள்ல பெயிண்டு கீதும்மா" என்று சொன்னாள். தெரியும் என்று சொன்னேன்.